பினாங்கின் முதல் தமிழ் மேயர் ராஜேந்திரன்தானா? அப்படியானால் டி.எஸ். ராமநாதன் யார்?

வாசகர் கேள்வி, 17 ஆகஸ்ட் 2024

மைமூனா முகமட் ஷாரிப் 2024 ஆகஸ்டில் கோலாலம்பூரின் டத்தோ பண்டார், அதாவது மேயர், ஆனார், அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். முன்பு பினாங்கு மேயராக இருந்தவர். நம் இனத்தில் மேயர் என்றால் 2023-ல் பினாங்கில் மேயரான டத்தோ ராஜேந்திரன் ஒருவர்தான், அவருக்கு முன்னால் யாரும் இல்லை. இந்த நாட்டில் அரசியல்வாதி யாரும் மேயர் ஆனதில்லை, எல்லாரும் அதிகாரிகள்தான். சரிதானே?

17 ஆகஸ்ட், இரவு

இரண்டுமே சரியில்லை.

பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுன் மாநகரமானது 1957 ஜனவரி 1-ஆம் தேதி. மெர்டேக்காவுக்கு, அதாவது நாட்டின் சுதந்திரத்துக்கு, எட்டு மாதம் முன்னால், எலிசபெத் ராணியின் சாசனத்தோடு. மலாயாக் கூட்டரசில் மாநகர் ஆன முதல் ஊர் அதுதான். அந்த மாநகர் மன்றத்தில் மேயராக இருந்தவர் டி.எஸ். ராமநாதன். தொழிற்கட்சிக்காரர், அதாவது லேபர் கட்சி. தேர்தலில் நின்று ஓட்டு வாங்கி உள்ளே போனவர். 1961 வரை மேயர். முன்பு ஸ்காட் ரோடு என்று இருந்த தெருவுக்குத்தான் இன்று ஜாலான் டி.எஸ். ராமநாதன் என்று பெயர். அந்த வழியாக தினமும் கார் ஓட்டுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், டாக்டரா வக்கீலா கோயில் தலைவரா என்று மூன்று பதில் வரும். மேயர் என்ற பதில் வராது.

18 ஆகஸ்ட்

"முதல் மேயர் ஜி.எச். கோ, ராமநாதன் இல்லை" என்று ஒருவர் திருத்தியிருக்கிறார். நான் முதல் மேயர் என்று எழுதவே இல்லை ஐயா, மேலே போய்ப் படியுங்கள். இருந்தாலும் கேட்டதற்குச் சொல்கிறேன். மாநகர் ஆன வருடத்தில் நாற்காலியில் இருந்தவர் கோ குவான் ஹோ, நீங்கள் சொல்கிற அதே ஜி.எச். கோ. அதற்குப் பிறகுதான் தொழிற்கட்சி மன்றத்தைப் பிடித்தது, ராமநாதன் வந்தார். சில கட்டுரைகளில் ராமநாதனை முதல் மேயர் என்று போடுகிறார்கள், சிலவற்றில் கோ குவான் ஹோவை. தொழிற்கட்சி சார்பில் தேர்தலில் ஜெயித்து, அந்தக் கட்சியின் பலத்தில் மேயரான முதல் ஆள் என்றால் ராமநாதன். எனக்கு முக்கியம் அந்த இரண்டாவது விஷயம். யார் முதல் என்ற பட்டத்தை நீங்களே யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்துக்கொள்ளுங்கள்.

அவர் இந்தியாத் தமிழரா யாழ்ப்பாணத் தமிழரா என்று இன்னொருவர். அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை.

19 ஆகஸ்ட்

மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்களா என்ற கேள்விக்கு: இல்லை. மக்கள் கவுன்சிலர்களைத் தேர்ந்தெடுத்தார்கள், கவுன்சிலர்கள் தங்களுக்குள் ஒருவரை மேயராக்கினார்கள். பிரிட்டிஷ் வழக்கம். ஆகவே மேயராக வேண்டுமானால் முதலில் தன் வட்டாரத்தில் ஓட்டு வாங்க வேண்டும், அப்புறம் தன் கட்சிக்காரர்களின் கையைத் தூக்க வைக்க வேண்டும். இரண்டாவதுதான் கஷ்டம் என்று அரசியலில் இருப்பவர்கள் சொல்வார்கள்.

பினாங்குக்கு இந்த விஷயத்தில் பழைய சரித்திரமே இருக்கிறது. 1857-லேயே முனிசிபல் கமிஷனர்களைத் தேர்தல் வைத்து எடுத்திருக்கிறார்கள். வரி கட்டுகிற பெரிய மனிதர்களுக்கு மட்டும் ஓட்டு, நம் தாத்தாமார்களுக்கு இல்லை. 1913-ல் அதையும் நிறுத்திவிட்டார்கள். பிறகு 1951 டிசம்பர் 1-இல் திரும்ப வந்தது. யுத்தத்துக்குப் பிறகு மலாயாவில் நடந்த முதல் தேர்தல் அது. கோலாலம்பூரில் மலாய்க்காரர் கட்சியான அம்னோவும் சீனர் கட்சியான ம.சீ.ச.வும் கைகோத்து ஜெயித்த புகழ்பெற்ற தேர்தல் 1952 பிப்ரவரியில், அதற்கும் பிந்தி. ஜார்ஜ் டவுனில் பதினைந்து இடத்தில் ஒன்பதுக்குத்தான் ஓட்டு, மீதி ஆறு நியமனம். ஒன்பதில் ஆறை ராடிக்கல் கட்சி தட்டிக்கொண்டு போனது. 1956-க்குள் பதினைந்தும் தேர்தல் இடம் ஆகிவிட்டது. நாட்டிலேயே முழுக்க முழுக்க ஓட்டில் வந்த முதல் நகர மன்றம்.

ராமநாதனின் அரசியல் வளர்ச்சி இந்த ஐந்தாறு வருடத்துக்குள் அடங்கும். 1952-ல் மலாயா முழுவதுக்குமாக ஒரு தொழிற்கட்சி உருவாகிறது. ஆங்கிலம் படித்தவர்கள், தொழிற்சங்கத்தில் அனுபவம் உள்ளவர்கள்தான் அப்போது அதன் முகம். 1957-ல் பார்ட்டி ராக்யாட் என்ற இன்னொரு இடதுசாரிக் கட்சியோடு சேர்ந்து சோஷலிஸ்ட் முன்னணி ஆகிறது. நாட்டின் ஆட்சியை அலயன்ஸ், அதாவது அம்னோவும் ம.சீ.ச.வும் இந்தியர் கட்சியான ம.இ.கா.வும் சேர்ந்த கூட்டணி, பிடிக்கிறது, பினாங்கு மாநில ஆட்சியையும் அலயன்ஸ் பிடிக்கிறது, ஆனால் ஜார்ஜ் டவுன் மாநகர் மன்றம் சோஷலிஸ்டுகள் கையில். எஸ்பிளனேடில் 1903-ல் கட்டிய அந்த வெள்ளைக் கட்டடத்தில் எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் மேயர் சங்கிலி போட்டு உட்கார்ந்திருந்தார் என்று யோசித்துப் பாருங்கள்.

22 ஆகஸ்ட்

"மேயருக்கு அப்போது என்ன அதிகாரம், குப்பை அள்ளுவதும் சாக்கடை கழுவுவதும்தானே" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார்.

தம்பி, என் அப்பா அந்த மன்றத்தில் வேலை பார்த்தார். மின்சார இலாகாவில் மீட்டர் பார்க்கிற வேலை. ஆமாம், மின்சாரமே மாநகர் மன்றத்துடையதுதான். தண்ணீரும் அவர்களுடையது. பஸ்ஸும் அவர்களுடையது, மேலே இரண்டு கம்பியைத் தொட்டுக்கொண்டு ஓடுமே டிராலி பஸ், அது. 1961-ல் அதை நிறுத்தினார்கள். அதற்கப்புறம் மன்றம் சாதாரண பஸ் விட்டது. ஒரு வீட்டுக்குள் விளக்கு எரிவதிலிருந்து குழாயில் தண்ணீர் வருவது வரைக்கும், வேலைக்குப் போகிற பஸ்ஸிலிருந்து வாசலில் இருக்கிற கால்வாய் வரைக்கும் ஒரே இடம். அறுபதுகளில் இந்த மன்றத்தின் வருமானம் பினாங்கு மாநில அரசின் வருமானத்தைவிட அதிகம். நாட்டிலேயே பணக்கார ஊராட்சி மன்றம். மாநில முதலமைச்சருக்கு இது எப்படி இருந்திருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்பாவின் சேவைப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. பிரவுன் அட்டை, மூலையில் கரையான் கொஞ்சம் தின்றது போக மீதி நன்றாகவே இருக்கிறது. முன்பக்கத்தில் முதலில் அச்சடித்த பெயர் முனிசிபாலிட்டி. அதன் மேல் ஸ்கேல் வைத்து சிவப்பு மையில் ஒரு கோடு, கீழே மாநகர் மன்றம் என்று கிராணியின் அழகான கையெழுத்தில் ஆங்கிலத்தில். அதற்கும் கீழே ஊதா மையில் சாய்வாக ஒரு ரப்பர் முத்திரை, லெம்பாகா லெட்ரிக் நெகாரா (தேசிய மின்சார வாரியம்), 1976. ஒரே மேஜை, ஒரே சைக்கிள், ஒரே பென்சில், முதலாளி மட்டும் மாறிக்கொண்டே இருந்தார் என்பார் அப்பா. மன்றத்திடம் இருந்த பெரிய இலாகாக்கள் எப்படி ஒன்றொன்றாகக் கையைவிட்டுப் போயின என்பதற்கு அந்த அட்டையே போதும். தண்ணீர் அதற்கு முன்பே, 1973-ல், தனி வாரியத்துக்குப் போய்விட்டது.

22 ஆகஸ்ட், பின்னிரவு

சேவைப் புத்தகத்தைப் படமெடுத்துப் போடச் சொல்கிறார்கள். போட மாட்டேன். அதில் அப்பாவின் சம்பளம் இருக்கிறது. எங்கள் சித்தப்பா இன்னும் உயிரோடு இருக்கிறார், அப்பா சொன்ன கணக்கை நம்பிக்கொண்டு.

25 ஆகஸ்ட்

"தமிழர் ஓட்டால் ஜெயித்திருப்பார்." இந்த வாக்கியத்தை மூன்று பேர் மூன்று விதமாக எழுதியிருக்கிறீர்கள். ஜார்ஜ் டவுனில் தமிழர் ஓட்டை மட்டும் வைத்துக்கொண்டு மன்றத்தைப் பிடிக்க முடியுமா? அது சீனர் பெரும்பான்மை ஊர். அன்றும் சரி, இன்றும் சரி. துறைமுகத்தில், முனிசிபாலிட்டியில், தெரு கூட்டுகிற வேலையில் நம் ஆட்கள் நிறைய இருந்தார்கள். கட்சியின் சங்கப் பின்னணியால் அவர்களில் பலர் தொழிற்கட்சியைத் தங்கள் கட்சியாகப் பார்த்தார்கள் என்று அப்பா சொல்வார். ஆனால் மன்றத்தின் பெரும்பான்மையைக் கொடுத்தது சீனத் தொழிலாளர்களின் ஓட்டு. அந்த ஓட்டில் வந்த கவுன்சிலர்கள், பெரும்பாலும் சீனர்கள், ராமநாதன் என்ற பெயர் உள்ள மனிதரை மேயராக்கினார்கள்.

இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1965-ல் நிறுத்திய ஊராட்சி மன்றத் தேர்தல் திரும்ப வந்தால் நகரங்கள் எல்லாம் ஒரே இனத்தின் கைக்குப் போய்விடும், கலவரம் வரும் என்று ஒரு வாதம் வருடா வருடம் கிளம்புகிறதே, அதைச் சொல்கிறவர்கள் யாரும் ராமநாதன் மேயராக இருந்த ஜார்ஜ் டவுன் 1958-ஐ எடுத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

1 செப்டம்பர்

ஈப்போக்காரர்கள் தங்கள் டி.ஆர். சீனிவாசகத்தைச் சொல்லிக்கொண்டு வந்துவிட்டார்கள். வருவீர்கள் என்று தெரியும்.

டி.ஆர். சீனிவாசகம் மேயர் இல்லை. ஈப்போ மாநகர் ஆனதே 1988-ல், அவர் இறந்தது 1969 மார்ச்சில். அப்போது அது நகர மன்றம், பிறகு முனிசிபாலிட்டி. ஆனால் ஒரு வட்டாரத்து அரசியல்வாதி ஒரு ஊரையே தன் கோட்டையாக வைத்திருந்த கதை என்றால், ராமநாதனைவிட இவருடையது பத்து மடங்கு பெரியது, ஒத்துக்கொள்கிறேன்.

பிறந்தது ஈப்போ, 1921. லண்டனில் சட்டம் படித்துவிட்டு வந்து அண்ணன் எஸ்.பி. சீனிவாசகத்தோடு வக்கீல் தொழில். 1953-ல் பேராக் முற்போக்குக் கட்சி என்று ஆரம்பித்தார்கள், பெயரிலேயே மாநிலத்தின் பெயர். அப்புறம்தான் பேராக் போய் மக்கள் வந்தது, மக்கள் முற்போக்குக் கட்சி, அதாவது பி.பி.பி. ஆனது. 1955 பொதுத் தேர்தலில் தோல்வி. 1957 இடைத்தேர்தலில் ஈப்போ மெங்லம்பு தொகுதியில் ஜெயித்து உள்ளே போனார், அதற்குப் பிறகு சாகும் வரைக்கும் அவரை அங்கிருந்து யாராலும் அசைக்க முடியவில்லை. 1959-ல் நாடாளுமன்றத்தில் கட்சிக்கு நாலு இடம். ஈப்போ நகர மன்றமும் அண்ணன் தம்பி கையில். மலாயாவிலேயே சுத்தமான ஊர் ஈப்போ என்று பெயர் வாங்கியது அந்தக் காலத்தில்தான் என்று ஈப்போக்காரர்கள் இன்றைக்கும் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார்கள்.

அவர் ஓட்டும் யாருடைய ஓட்டு? கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கச் சீனர்களுடைய ஓட்டு. சீன மொழிக்கும் தமிழுக்கும் சம இடம் வேண்டும் என்று கத்திய யாழ்ப்பாணத்துத் தமிழ் வக்கீலுக்குச் சீனக் கிராமங்கள் விழுந்து விழுந்து ஓட்டுப் போட்டன. கல்வி அமைச்சர் ரஹ்மான் தாலிப் மேல் நாடாளுமன்றத்தில் ஊழல் குற்றச்சாட்டு வைத்தார். வெளியே வந்து சொல்லிப் பார் என்றதற்கு வெளியே வந்தும் சொன்னார். வழக்குப் போட்டார்கள், அமைச்சர் தோற்றார், பதவியையும் விட்டார். இன்றைக்கு எம்.பி.க்கள் முகநூலில் நேரலை போட்டுவிட்டு அதையே பெரிய போராட்டம் என்கிறார்கள்.

2 செப்டம்பர்

ஈப்போவின் டி.ஆர். சீனிவாசகம் பார்க்குக்குப் பழைய பெயர் கொரொனேஷன் பார்க். கேட்டவருக்குப் பதில் அவ்வளவுதான். பி.பி.பி. பிற்பாடு என்ன ஆனது என்று இங்கே ஆரம்பிக்காதீர்கள். அது தனிக் கதை, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் படிக்கக் கூடாதது.

8 செப்டம்பர்

ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தேன். 25-ஆம் தேதி எழுதியதில் ஒரு பக்கத்தைத்தான் சொல்லியிருக்கிறேன், மற்றப் பக்கத்தையும் வைக்க வேண்டும்.

ராமநாதனை மேயராக்கிய கட்சி அப்படியே இருந்துவிடவில்லை. ஐம்பதுகளின் கடைசியிலிருந்து தொழிற்கட்சிக்குள் சீன மொழி படித்த இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அவர்களுக்கு அவர்களுடைய கோபம் இருந்தது. சீனப் பள்ளிகள், குடியுரிமை, வேலை. நியாயமான கோபம்தான். ஆனால் ஆங்கிலத்தில் கூட்டம் நடத்தி, தேநீர் குடித்து, தீர்மானம் போடுகிற பழைய தலைமுறைக்கு அங்கே இடம் சுருங்கிக்கொண்டே போனது. 1961-ல் ஊய் தியாம் சியூ மேயர், 1964-ல் சூய் யூ சோய். இரண்டு பேரும் அதே முகாம்தான். 1969 பொதுத் தேர்தலைக் கட்சி புறக்கணித்தது, 1972-ல் அதன் பதிவே ரத்தானது. அதாவது ராமநாதனுக்குக் கிடைத்த வாய்ப்பு, ஓட்டுச் சீட்டால் மட்டும் வந்ததில்லை. இனத்தைப் பார்க்காமல் சங்கத்தைப் பார்த்த ஒரு சிறு கூட்டம் அந்த நேரத்தில் ஒரு கட்சியின் தலையில் இருந்தது. அந்தக் கூட்டம் போன பிறகு இன்னொரு ராமநாதன் அதே வழியில் வந்திருப்பாரா? எனக்குச் சந்தேகம்தான்.

இன்னொன்று. நகரத்து மலாய்க்காரர்கள் இந்த மன்றங்களை எப்படிப் பார்த்தார்கள் என்று நாம் யாருமே இங்கே பேசவில்லை. அவர்கள் எண்ணிக்கை நகரத்துக்குள் குறைவு, மன்றத்துக்குள் இன்னும் குறைவு. இந்தப் பயம் கற்பனை என்று நான் சொல்லத் தயாராக இல்லை. தேர்தல் வேண்டும் என்பதில் மாற்றமில்லை, ஆனால் எதிர்க்கிறவர்களை எல்லாம் கெட்டவர்கள் என்று எழுதுவதை நிறுத்திக்கொள்ளலாம்.

14 செப்டம்பர்

ஊராட்சி மன்றத் தேர்தல் எப்படி நின்றது என்று கேட்டவர்களுக்கு.

இந்தோனேசியாவோடு மோதல் நடந்த காலம். 1965 மார்ச் 1-ஆம் தேதி அவசரகால விதிகளின் கீழ் ஊராட்சி மன்றத் தேர்தல்களை ஒத்திவைத்தார்கள். சமாதானம் வந்த கணமே நடத்துவோம் என்று பிரதமர் துங்கு நாடாளுமன்றத்தில் உறுதி கொடுத்தார். சமாதானம் 1966 ஆகஸ்டில் வந்தது. தேர்தல் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

ஜார்ஜ் டவுனுக்கு வேறு வகையில் அடி விழுந்தது. நிர்வாகச் சீர்கேடு என்று புகார், 1966-ல் மன்றத்தின் பொறுப்புகளை முதலமைச்சர் வோங் பாவ் நீ எடுத்துக்கொண்டார். மேயர் நாற்காலி காலி. புகாரில் உண்மையே இல்லை என்று நான் வாதாடப் போவதில்லை, எல்லா மன்றத்திலும் ஏதாவது இருந்தது. செரம்பானில் பெரிய சர்ச்சை. ஆனால் தப்புச் செய்த மன்றத்தை அடுத்த தேர்தலில் வெளியே அனுப்புகிற வேலை வாக்காளருடையது. அந்த வேலையை அவர்களிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள்.

அப்புறம்தான் நம் கதையில் மூன்றாவது தமிழர். செனட்டர் ஆதி நாகப்பன். ம.இ.கா.காரர், வக்கீல், ஆளும் தரப்பு ஆள். மனைவி ஜானகி, நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் இருந்தவர். ஊராட்சி மன்றங்களை ஆராய அரசாங்கம் 1965-ல் அமைத்த அரச ஆணையத்துக்கு ஆதி நாகப்பன்தான் தலைவர். ஆளும் கட்சி ஆளை உட்கார வைத்தால் வேண்டிய பதிலைக் கொடுப்பார் என்று நினைத்தார்களோ என்னவோ. நாடு முழுக்கச் சுற்றி, சாட்சி கேட்டு, 1968-ல் கொழுத்த ஓர் அறிக்கையை முடித்தார்கள். சாரம் இதுதான்: தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தில் எத்தனை குறை இருந்தாலும் அது நியமன மன்றத்தைவிட மேல், தேர்தலைத் திரும்பக் கொண்டுவாருங்கள். அரசாங்கம் அந்தப் பரிந்துரையை ஏற்கவில்லை. 1976-ல் ஊராட்சிச் சட்டம் வந்தது, 15-ஆவது பிரிவு தேர்தலை ஒரேயடியாக மூடியது. 10-ஆவது பிரிவு, கவுன்சிலர்களை மாநில அரசு நியமிக்கும், எட்டுக்குக் குறையாமல், இருபத்து நாலுக்கு மேற்படாமல். அதே வருடம் ஜார்ஜ் டவுன் மாநகர் மன்றம் கணக்கிலிருந்தே போய், தீவு முழுவதுக்குமாகப் பினாங்கு நகராண்மைக் கழகம் வந்தது. திரும்ப மாநகர் என்ற பெயர் வர 2015 ஆனது.

ராமநாதனைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஆதி நாகப்பனை விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் தன் கட்சி கேட்க விரும்பாததை எழுதிக் கையெழுத்துப் போட்டவர்தான் பெரிய துணிச்சல்காரர். கோலாலம்பூரில் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் அவர் பெயரிலும் ஒரு சாலை இருக்கிறது.

15 செப்டம்பர்

கோலாலம்பூரைப் பற்றிச் சுருக்கமாக, ஏனென்றால் அங்கே சொல்ல அதிகமில்லை. 1960-இன் கூட்டரசுத் தலைநகர்ச் சட்டம், 1961-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் போச்சு, ஆணையர் வந்தார். இந்தோனேசியாவோடு நடந்த மோதலுக்கெல்லாம் முன்னாலேயே. 1972 பிப்ரவரி 1-இல் மாநகரானபோது டத்தோ பண்டார் என்ற பெயர் வந்தது, ஓட்டு வரவில்லை. மற்ற ஊர்களில் நியமனக் கவுன்சிலராவது உண்டு, இங்கே அதுவும் கிடையாது, ஆலோசனை வாரியம்தான்.

29 செப்டம்பர்

கொஞ்ச நாள் பினாங்கில் இருந்தேன், அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, இப்போது பரவாயில்லை.

ஆயர் ஈத்தாமில் அம்மா வீட்டுச் சந்தில் தெரு விளக்கு ஒன்று விட்டு விட்டு எரிந்தது. பக்கத்து வீட்டு அக்கா உடனே சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்கு வாட்ஸ்அப் போட்டார். இரண்டு நாளில் ஆள் வந்து மாற்றினார்கள். நல்ல விஷயம். நான் அக்காவிடம் கேட்டேன், இந்த வட்டாரத்துக் கவுன்சிலர் யார் என்று. தெரியாது. அம்மாவைக் கேட்டேன். அம்மாவுக்கு ராமநாதன் காலத்துக் கவுன்சிலர் பெயர் ஞாபகம் இருக்கிறது, அவர் எந்தக் கடையில் காப்பி குடிப்பார் என்பது உட்பட. இன்றைய கவுன்சிலர் பெயர் தெரியாது. அவர் நல்ல மனிதராகவே இருக்கலாம், இரவு பகல் பாராமல் உழைக்கலாம். ஓட்டுக் கேட்டு யார் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டிய தேவை அவருக்கு இல்லை, அவ்வளவுதான். விளக்கு மாற்றுவதற்குச் சட்டமன்ற உறுப்பினரைக் கூப்பிடுகிறோம், அவர் சட்டம் இயற்றுகிற வேலையை விட்டுவிட்டுச் சாக்கடை, விளக்கு, மரக்கிளை என்று ஓடிக்கொண்டிருக்கிறார். நாமும் அதை வைத்துத்தான் அவருக்கு மார்க் போடுகிறோம்.

30 செப்டம்பர்

அந்தக் கடை பெயர் என்ன என்று ஆறு பேர் கேட்டிருக்கிறீர்கள். அரசியல் எழுதினால் ஒருவரும் இல்லை, காப்பி என்றதும் வந்துவிட்டீர்கள். கடை இடிந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, அங்கே இப்போது போன் கடை.

6 அக்டோபர்

"2008-ல் பினாங்கு ஆட்சி மாறியபோது ஊராட்சித் தேர்தலைக் கொண்டுவந்திருக்கலாமே, ஜ.செ.க. (ஜனநாயகச் செயல் கட்சி) ஏமாற்றிவிட்டது." பாதி நியாயம். முயற்சியே செய்யவில்லை என்பது நியாயமில்லை. தேர்தல் ஆணையத்தைக் கேட்டார்கள், முடியாது என்றார்கள். 2012-ல் மாநில சட்டமன்றத்தில் பினாங்குத் தீவுக்கும் செபராங் பிறைக்கும் ஊராட்சித் தேர்தல் சட்டம் ஒன்றை நிறைவேற்றினார்கள், 1976 சட்டத்தின் 15-ஆவது பிரிவு எங்களுக்குப் பொருந்தாது என்று. 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் செல்லாது என்று முடித்துவைத்தது. அதோடு சரி.

ஆனால் இன்னொரு பாதி: 2018-ல் கூட்டரசு ஆட்சியே, அதாவது புத்ராஜெயாவே, கையில் வந்தது. 1976 சட்டத்தை நாடாளுமன்றத்தில் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. நியமனப் பதவி எத்தனை பேருக்குப் பங்கு வைக்கக் கூடியது என்பது உள்ளே போன பிறகு தெரிந்திருக்கும். எந்தக் கட்சியானாலும் சரி, கிளைத் தலைவருக்குக் கொடுக்க ஏதாவது வேண்டும்.

12 அக்டோபர்

"அப்படியானால் ராஜேந்திரன் வெறும் அதிகாரி, அவருக்கு மாலை போடுவது வீண் என்கிறீர்களா?" நான் அப்படிச் சொல்லவில்லை. மன்றத்துக்குள்ளேயே வேலை பார்த்து வளர்ந்த பொறியாளர், 2023-ல் மேயர். மைமூனாவையும் பாருங்கள்: கோலப் பிலாவில் பிறந்தவர், கார்டிஃபில் நகரத் திட்டம் படித்தவர், 1985-ல் பினாங்கு நகராண்மைக் கழகத்தில் சேர்ந்து, செபராங் பிறைத் தலைவர், பினாங்கு மேயர், நைரோபியில் ஐ.நா. வாழ்விடத் திட்டத்தின் தலைவர், 2024-ல் கோலாலம்பூர். கால்வாய் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று தெரிந்தவர்கள். ராமநாதனுக்கு அது தெரிந்திருக்குமா? அவருக்குப் பொறியாளர் இருந்தார், அவரிடம் கேட்டிருப்பார். இன்றைக்கு வெள்ளம் வந்தால் ராஜேந்திரனைப் போன்ற மேயருக்குக் காரணம் தெரியும், ஆனால் அவரைத் திட்டி ஓட்டுப் போட உங்களுக்கு வழியில்லை. அவரைப் பாராட்டி ஓட்டுப் போடவும் வழியில்லை. மேலே இருக்கிற ஒருவர் கடிதம் கொடுத்தால் வருவார், கடிதம் நின்றால் போவார்.

மாலை போடுங்கள். எனக்கும் சந்தோஷம்தான். தமிழர் மேயர் ஆனார் என்று எழுதும்போது, யார் ஆக்கினார்கள் என்பதையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள் என்பதுதான் நான் ஆகஸ்டிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பது.

13 அக்டோபர்

ஆதி நாகப்பன் சாலையில் பார்க்கிங் கிடைப்பதில்லை, அடிக்கடி சம்மன் வருகிறது, யாரிடம் முறையிடுவது என்று ஒருவர் கேட்கிறார். டத்தோ பண்டாருக்கு எழுதுங்கள். ஆணைய அறிக்கையைப் படிக்க வேண்டும் என்று கேட்ட தம்பிக்கு: பெரிய பல்கலைக்கழக நூலகங்களில் தேடுங்கள், ஆங்கிலத்தில் இருக்கும், தடிமனைப் பார்த்து ஓடிவிடாமல் தேர்தல் பற்றிய அத்தியாயத்திலிருந்து ஆரம்பியுங்கள்.